மழைக்கு முந்தின ஊசி

மகள் குடியிருக்கிற ஊர் லியோன் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த மாடுகளைப் புல்லுக்கு அவிழ்த்துவிடும் முன், நிலத்துக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகக் கம்பிச் சந்துக்குள் ஓட்டி ஊசி போடுவார். போன வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மருந்துப் புட்டியை நீட்டினார். ஒரே புட்டியில் பல நோய்களுக்கு மருந்து. மகள் பெயர்களைப் படித்துக்கொண்டே போனாள். குளோஸ்ட்ரிடியம் சோவோய் என்றதும் போதும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பேச்சில் அது சப்பை நோய்.

ரங்கூனில், இன்சீன் பக்கம், 1963இல் எங்களிடம் பதினொரு உருப்படி இருந்தன. (1989இல் யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள். என் நாக்குதான் மாறவில்லை.) பர்மியர்கள் அந்த நாளில் பாலை அவ்வளவாகச் சீண்டமாட்டார்கள். கறப்பதும் விற்பதும் பெரும்பாலும் நம்மவர்கள் கையில் இருந்தது. அப்பா விடிகாலையில் சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு போனால் வெயில் ஏறித்தான் திரும்புவார்.

இன்சீனில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மாட்டு வைத்தியப் பள்ளிக்கூடம் உண்டு. அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பால்காரர்கள் ஊசிக்குப் பயந்தவர்கள் அல்ல. தண்ணீர்த் திருவிழா முடிந்து, மழை இறங்குவதற்கு முன், ஒரு பர்மியர் வருவார். எல்லோருக்கும் அவர் சயா. ஊசிகளை எங்கள் அடுப்பிலேயே கொதிக்கவைத்து எடுப்பார்.

பயந்தது அப்பத்தா ஒருத்திதான், அதுவும் ஒரேயொரு செவலைக் கிடேரிக்காக. "அம்மனுக்கு நேந்துவிட்ட உசுருடா. அது மேல இரும்பு படக்கூடாது. பின்னால கொண்டுபோய்க் கட்டு" என்றாள். அப்பா பால் ஊற்றப் போயிருந்தார். எனக்குப் பதினொரு வயது. அப்பத்தா சொன்னதற்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. செவலை என் கன்று. என் கை உப்பை நக்கி வளர்ந்தது. அது ஊசியில் துள்ளுவதை நான் பார்க்க விரும்பவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் கட்டிவைத்துவிட்டு, சயாவிடம் "அவ்வளவுதான்" என்றேன். அவர் சீட்டில் பத்து என்று எழுதிக் கொடுத்தார். அதைக் கூரை இறப்பில் செருகிவைத்தேன்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் செவலையைச் சேற்றில் விரட்டி விளையாடினேன். அது வழுக்கி, வண்டியின் ஏர்க்காலில் தொடையை இடித்துக்கொண்டது. எழுந்து ஓடிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை நொண்டியது. இரை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் தொடை வீங்கி, அப்பா அதில் கைவைத்து அழுத்தியபோது தோலுக்கடியில் நறநறவென்று சத்தம் கேட்டது. காய்ந்த சருகைப் பொட்டலம் கட்டி அமுக்கினால் வருகிற சத்தம். என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தார். "சப்பை" என்றார். மறுநாள் விடியுமுன் போய்விட்டது.

தோல் கேட்டு ஓர் ஆள் வந்தார். அப்பா கொடுக்கவில்லை. அறுத்தால் கிருமி மண்ணில் கொட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொல்லை மூலையில் ஆள் உயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்து, மேலே முள் போட்டார். கைகால் கழுவிவந்து இறப்பிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நோய்க்கு நோஞ்சான் மாடுகள் பிடிக்காது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைக்குமான, நன்றாகத் தின்று கொழுத்த கன்றைத்தான் பெரும்பாலும் தேடி வரும். கிருமி வித்தாக மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். புல்லோடு உள்ளே போய்ச் சதையிலும் சும்மா கிடக்கும். அந்தச் சதையில் அடிபட்டு, காற்றோட்டம் குறைந்தால் விழித்துக்கொள்ளும். இதை நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். ஊசி விஷயத்தில் அப்பத்தாமேல் பாதிப் பழியைப் போட்டு ஒருவாறு ஆறியிருந்தவனுக்கு, அந்த ஏர்க்கால் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முதல் தடுப்பு மருந்து பிறந்ததும் இந்த லியோனில்தான். 1880களில் அர்லுவாங், கொர்னவென், தோமா என்ற மூவர் சப்பையில் செத்த மாட்டின் சதையையே காயவைத்து, பொடித்து, சூட்டில் வீரியம் குறைத்து, உயிரோடிருந்த மாட்டின் வால் நுனியில் ஏற்றினார்கள். கிருமியின் பெயரில் இருப்பவர் இங்குள்ள மாட்டு வைத்தியப் பள்ளியின் சோவோ. கிருமியை வளர்த்து, பார்மலினில் கொன்று செலுத்துவது பின்னால் வந்த முறை. செத்த கன்றின் சதை இருக்கிற கன்றைக் காக்கிறது என்பதை அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள் என்று தோன்றுகிறது. இரும்பைத்தான் அவள் ஒப்பவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தபின் அப்பா மாடு வாங்கவே இல்லை. இராமநாதபுரத்துப் பொட்டலில் செம்மறிகளோடு கிடந்தார். ஆட்டுக்கு அதே குடும்பத்துக் கிருமி வேறொன்று உண்டு, துள்ளுமாரி. மழை பெய்து இளம்புல் தலைகாட்டியதும் ஆடுகள் ஆசையாக மேயும். குடலில் சாதாரணமாக இருக்கிற கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். சாயங்காலம் நன்றாகப் பட்டிக்கு வந்த ஆடு, காலையில் விறைத்துக் கிடக்கும். அதற்கான மருந்தைத் தயாரிக்கும் இடங்களில் ஒன்று இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய நிலையம். வருஷம் தவறாமல், மழைக்கு முன், கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக அப்பா நிற்பார். ஊரில் சிரிப்பார்கள். அவர் எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முந்திய ஒரு நாளைப்பற்றி. 1964 மார்ச்சில் நெ வின் அரசாங்கம் ரங்கூன் கடைகளை எடுத்துக்கொண்டது. எங்கள் வாடிக்கை பாதிக்குமேல் கடைக்காரர் வீடுகள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பத்து மாடுகளையும் பக்கத்துப் பர்மியர் ஒருவருக்கு வந்த விலைக்குப் பேசி முடித்தார் அப்பா. மழை இன்னும் இறங்கவில்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு போக ஆள் வருவதற்கு முந்தின நாள், சயாவை அழைத்துவந்தார். "விக்கிற மாட்டுக்கு எதுக்குடா செலவு?" என்றாள் அப்பத்தா. அவர் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு மாட்டின் கயிற்றையும் என்னிடம் தந்து பிடிக்கச் சொன்னார். பத்தும் முடிந்தது. சீட்டில் பத்து என்று எழுதினார் சயா.

மறுநாள் அந்தச் சீட்டைப் பர்மியர் கையில் கொடுத்தார். அடுத்த வருஷமும் மழைக்கு முன் போடவேண்டும் என்றார். பிறகு அவரைக் கொல்லை மூலைக்குக் கூட்டிப்போனார். என்னைப் பார்த்து, "இங்கே மேயவிடக் கூடாதுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். ஏன் என்று கேட்டார் பர்மியர். ஒரு கன்று புதைத்திருக்கிறது என்றேன். எப்படிச் செத்தது என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதற்கு ஊசி போடவில்லை. நான் ஒளித்துவைத்துவிட்டேன்" என்றேன், பர்மிய மொழியில்.

அப்பாவுக்கு என்னைவிட நன்றாகப் பர்மிய மொழி தெரியும்.