கைப்பிடி இல்லாத வாசற்கதவு

கதவு நிறையப் பூவேலை. மேலே உத்தரத்தில் ஒரு ஆண் பெயர், ஒரு பெண் பெயர், கல்யாணமான வருஷம் எல்லாம் செதுக்கியிருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் புதுப் பெயிண்ட். எல்லாம் சரி, வெளிப்பக்கத்தில் கைப்பிடியை மட்டும் காணோம்!

"இதென்னடி அதிசயம், இதை எப்படித் திறக்கிறது?" என்று என் தங்கையைக் கேட்டேன்.

"வெளியிலேருந்து திறக்கவே முடியாதுக்கா. உள்ளே இருக்கிறவங்க மனசு வச்சாத்தான் உண்டு" என்றாள்.

சகோதரிகளே, நான் பெரிய ஊர்சுற்றி இல்லை. சமையலறை, பிள்ளைகள், மாமியார் என்று இருபது வருஷம் ஓட்டியவள். தங்கைக்குப் பிரசவம், அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான் போகும்படி ஆயிற்று. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் எல்பே ஆற்றங்கரையில் வேடல் என்ற ஊரில் அவள் குடித்தனம். பெண் குழந்தை, சுகப்பிரசவம். பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று நாற்பது நாள் பறந்துவிட்டது. நான் ஊர் திரும்ப இன்னும் பத்தே நாள் என்றதும் அவள் முகம் வாடிப் போயிற்று. ராத்திரி குழந்தை அழுதால் இவளும் சேர்ந்து அழுகிறாள். "நீ போயிட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்க்கா?" என்று ஒரே புலம்பல். டாக்டரம்மாவிடமும் சொன்னோம். அவர் விசாரித்துப் பார்த்து, "நல்ல தூக்கமும் வெளிக்காற்றும் வேணும். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி வாருங்கள்" என்றார். அப்போதுதான் மாப்பிள்ளை, "அக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் பூத்திருக்கு. ஒரு நாள் தங்கிட்டு வாங்க" என்று ஏற்பாடு செய்தார். அவரோடு வேலை பார்ப்பவரின் அம்மா வீட்டில் ஒரு அறை கிடைத்தது.

ஏப்ரல் கடைசி. குளிரென்றால் பல் கிட்டுகிறது. வேடலில் ஷூலாவ் படகுத்துறையில் ஒரு வேடிக்கை பார்த்தேன். ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல்களை அங்கே ஒலிபெருக்கி வைத்து வரவேற்கிறார்கள். எந்த நாட்டுக் கப்பலோ, அந்த நாட்டு தேசிய கீதத்தைப் போடுகிறார்கள்! 1952-லிருந்து நடக்கிறதாம். அங்கிருந்து படகு ஏறினால் அக்கரையில் லூஹே துறை. அங்கேயிருந்து சில கிலோமீட்டரில்தான் நான் சொல்லும் ஸ்டைன்கிர்ஷன். 'கல் சர்ச்' என்று அர்த்தம். இரண்டாயிரம் பேருக்குள் இருக்கும் சின்ன கிராமம். ஊர் நடுவே லூஹே ஆறு, ஹாலந்துப் பாணியில் வெள்ளை மரத்தூக்குப் பாலம், இரு கரையிலும் செங்கல் வீடுகள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் "மோயின்" என்றார்கள். காலையா, மாலையா, இரவா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வணக்கம்தான்!

இந்தப் பிரதேசத்துக்கே ஆல்டெஸ் லாண்ட் என்று பெயர், அதாவது பழைய பூமி. ஹாலந்து என்ற பேர்தான் இப்படித் திரிந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. எண்ணூறு வருஷத்துக்கு முன் இது வெறும் சதுப்பு நிலம். நாணலும் சேறும், ஓதம் வந்தால் தண்ணீர். கடல் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் எல்பே ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. தினம் இரண்டு தடவை ஆறு ஏறி இறங்குகிறது. 12-ம் நூற்றாண்டில் ஹாலந்திலிருந்து குடியானவர்களைக் கூட்டி வந்து குடியேற்றினார்கள். சேற்று நிலத்தில் கரை போடவும் வாய்க்கால் வெட்டவும் அவர்களுக்குத்தான் கைப்பழக்கம். ஷ்விங்கே, லூஹே ஆறுகளுக்கு நடுவிலுள்ள துண்டை முதலில் கரை போட்டு மீட்டார்கள். அதை 'முதல் மைல்' என்கிறார்கள். ஸ்டைன்கிர்ஷன் அதில்தான் இருக்கிறது. 'மூன்றாவது மைல்' கரை கட்டி முடியும்போது 15-ம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிட்டதாம். மூன்று துண்டு நிலத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல்!

வீடுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நிலம் ரிப்பன் மாதிரி நீளமாகப் போகிறது. இரண்டு ரிப்பனுக்கு நடுவே வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் வேர் அழுகும், கரை உடைந்தால் ஊரே போகும். அதனால் அந்தக் காலத்தில் கடுமையான சட்டம் வைத்திருந்தார்கள். அவரவர் பங்குக் கரையை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு வீடு, நிலம் எல்லாம் விட்டுப் போய்விட வேண்டும். அந்த மண்வெட்டியை எவன் பிடுங்குகிறானோ அவனுக்கு நிலமும் சொந்தம், கரைப் பொறுப்பும் சொந்தம். 'கரை கட்ட மனமில்லாதவன் ஊரை விட்டுப் போகட்டும்' என்பது இன்றும் அங்கே பழமொழி.

நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. வெள்ளை மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடுக்கிய பழைய வீடு. செங்கல்லையே கோலம் போல் விதவிதமாக அடுக்கியிருக்கிறார்கள். துடைப்பம் மாதிரி ஒரு வடிவம் உண்டு. இடி விழாமல் காக்குமாம்! நம் வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆப்பிள் கேக்கும் காப்பியும் கொடுத்துவிட்டுக் கதவுக் கதையைப் பாட்டி சொல்ல, தங்கை தமிழில் சொன்னாள். அதற்கு மணப்பெண் கதவு என்று பேர். அந்த வீட்டு மருமகள் கல்யாணத்தன்று அந்த வழியாக உள்ளே வருவாள். அப்புறம் அவள் காலமாகும்போதுதான் அந்தக் கதவு வழியாக வெளியே போவாள். நடுவில் திறப்பதில்லை. அதையொட்டிய அறையில்தான் அவள் கொண்டுவந்த சீர்ப்பெட்டி இருக்கும். துணிமணி, வெள்ளி நகை எல்லாம் அதில். கூரை வேய்ந்த வீடாயிற்றே, தீப்பிடித்தால் சட்டென்று உள்ளிருந்து திறந்து பெட்டியை வெளியே தள்ளிவிடலாம். வெளியிலிருந்து யாரும் வந்து அதைத் தொட முடியாது.

"எங்க மாமியார் வந்ததும் போனதும் அந்த வழிதான். நான் கொல்லைப்பக்கம் வண்டி நுழையிற பெரிய கதவு வழியா வந்தவ. எங்க காலத்துல வழக்கம் மாறிப்போச்சு" என்று பாட்டி சிரித்தார்.

பிறந்த வீடு அவருக்கு எஸ்டே ஆற்றங்கரை. 1962 பிப்ரவரி 16 ராத்திரி அவருக்கு வயது பன்னிரண்டு. வடமேற்கிலிருந்து புயல் அடித்துக் கடல் தண்ணீரை ஆற்றுக்குள் தள்ளியது. கரைகள் வரிசையாக உடைந்தன. ஹாம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். "அம்மா என்னையும் தம்பியையும் ஏணியில ஏத்தி வைக்கோல் பரண்ல உட்கார வச்சா. கீழே மாடு கத்துற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. விடியிறப்ப சத்தம் நின்னுபோச்சு" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. தங்கையும் சற்று நேரம் பேசவில்லை. குழந்தையை மட்டும் மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கரைகளை உயர்த்தினார்கள். சிற்றாறுகள் எல்பேயில் சேருமிடத்தில் மதகுகள் வைத்துப் புயல் வந்தால் மூடிவிடுகிறார்கள். 1976 ஜனவரி 3-ம் தேதி ஹாம்பர்க்கில் தண்ணீர் 1962-ஐவிட உயரம் வந்தது. ஆனால் அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. கரையில் செம்மறியாடுகள் மேய்வதைப் பார்த்தேன். ஆடு புல்லையும் மேய்கிறது, குளம்பால் மண்ணையும் இறுக்குகிறது. கரைக்கு அதுதான் காவல்காரன்!

இனி அந்த ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். விடிய இன்னும் மூன்று நாலு மணி நேரம் இருக்கும். திடீரென்று தோட்டத்தில் மோட்டார் சத்தம், மழை கொட்டுகிற மாதிரி ஓசை. குழந்தை வீறிட்டது. தங்கை பதறி எழுந்து, "அக்கா, வெள்ளமா?" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வானத்தில் நட்சத்திரம்! மழையே இல்லை. பாட்டியின் மகள் ரப்பர் பூட்ஸும் கையில் டார்ச்சுமாக மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தை இப்போது நிர்வகிப்பவள் அவள்தான்.

காலையில் பார்த்த காட்சியை என்னவென்று சொல்வேன்! ஆயிரக்கணக்கான ஆப்பிள் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள். கிளையெல்லாம் பனிக்கட்டி. "ஐயோ, பூவெல்லாம் செத்துப்போச்சே" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். பூ உயிரோடுதான் இருக்கிறதாம். உறைபனி விழுகிற ராத்திரியில் மரத்தின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்தச் சிறு சூட்டில் பூ பிழைத்துக்கொள்கிறது. ஆனால் தெளிப்பதை இடையில் நிறுத்தக் கூடாது. வெயில் வந்து பனி உருகும் வரை தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் பூ கருகிவிடும். அதனால் உறைபனி ராத்திரிகளில் அவளுக்குத் தூக்கம் கிடையாது.

"எத்தனை ராத்திரி இப்படி முழிப்பீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"எத்தனை ராத்திரி பனி விழுதோ அத்தனை. அப்புறம் பனிக்காலம் முடிஞ்சிடும்ல?" என்றாள் அவள், கொட்டாவி விட்டுக்கொண்டே. தங்கை சிரித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. பெரிய கப்பல்களுக்காக எல்பே ஆற்றை ஆழப்படுத்தியிருக்கிறார்கள். ஆழமாக ஆக, கடலின் உப்பு இன்னும் மேலே ஏறி வந்துவிடுமோ, தெளிக்கிற தண்ணீரில் உப்புக் கலந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். இது ஏறக்குறைய 10,000 ஹெக்டேர் பழத்தோட்டம் உள்ள பூமி. பெரும்பாலும் ஆப்பிள், அப்புறம் செர்ரி. 14-ம் நூற்றாண்டிலிருந்தே இங்கே பழ விவசாயம் உண்டு. ஒரு காலத்தில் பாய்மரப் படகில் ஹாம்பர்க் சந்தைக்குப் போயிற்று. இப்போது லாரியில் போகிறது. வீட்டு வாசலில் பழமும் ஜாமும் வைத்து, பக்கத்தில் ஒரு உண்டியல் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எடுப்பவர் காசு போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்!

ஞாயிற்றுக்கிழமையாதலால் சர்ச்சில் ஆர்கன் வாசித்தார்கள். ஆர்ப் ஷ்னிட்கர் என்ற பேர்பெற்ற கலைஞர் 1687-ல் செய்து முடித்த வாத்தியம். இதே ஆல்டெஸ் லாண்டில் நோயன்ஃபெல்டே என்ற கிராமத்தில் 1719-ல் அடக்கமானவர். கீழ் ஸ்வரம் பிடித்தபோது நான் உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்தது. குழந்தை என்ன செய்தாள் தெரியுமா? அசந்து தூங்கிவிட்டாள்!

திரும்பும்போது பக்கத்து ஊர் யோர்க் வழியாகப் போனோம். ஜெர்மனியின் பெரிய எழுத்தாளர் லெஸ்ஸிங்குக்கு 1776 அக்டோபர் 8-ல் கல்யாணம் நடந்த இடம் அது. மணப்பெண் ஏவா கோனிக், புருஷனை இழந்தவர். அவர் விட்டுப்போன வியாபாரத்தைத் தனியாகவே சமாளித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். நிச்சயம் செய்து ஐந்து வருஷம் காத்திருந்து நடந்த கல்யாணம். அடுத்த வருஷக் கிறிஸ்துமஸில் ஆண் குழந்தை பிறந்து மறுநாளே இறந்தது. இரண்டு வாரம் கழித்து, 1778 ஜனவரி 10-ல் ஏவாவும் போய்விட்டார். எத்தனை கெட்டிக்காரப் பெண்ணாயிருந்தும் பிரசவம் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. படகில் வரும்போது தங்கையின் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து நான் ஊருக்குப் புறப்பட்டேன். வாசல் வரை வந்தாள், அழத்தான் செய்தாள். ஆனால், "நீ போக்கா. பனிக்காலம் முடிஞ்சிடும்ல" என்றாள்.

செப்டம்பரில் போன் செய்தாள். பாட்டி ஒரு கூடை ஆப்பிள் கொடுத்தனுப்பினாராம். எல்லாம் அந்த ராத்திரி கண்ணாடிக்குள் இருந்த பூக்கள்! "குழந்தைக்கு வேகவச்சு மசிச்சுக் கொடுத்தேன்க்கா. சப்புக்கொட்டிச் சாப்பிடறா" என்று அவள் சொல்லும்போதே, பின்னால் என் மருமகள் கத்துகிற குரல் கேட்டது.