சிக்கிய தோட்டாவின் பூர்வீகம்

அப்பா திருச்சியில் ஒரு கல்லூரியின் என்.சி.சி. அதிகாரியாக இருந்தவர். துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், 1885 ஜனவரி 17-க்குப் போய்விடுவார். சூடானில் அபு க்ளியா என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையின் சதுர வியூகம் உடைந்த நாள் அது. வெயிலும் மணலுமாக இருந்த அந்தப் பொட்டலில், மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளில் சுட்ட தோட்டாவின் உறை வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. சூடானின் கிளர்ச்சித் தலைவர் மஹ்தியின் வீரர்கள் ஈட்டியோடு பாய்ந்து வரும்போது சிப்பாய்கள் உறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். “மார்ட்டினிக்கு அது பிறவிக் கோளாறுடா” என்று முடிப்பார்.

இங்கிலாந்துக்கு வந்தபின் உள்ளூர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, உரிமமும் வாங்கி, பழைய பி.எஸ்.ஏ. மார்ட்டினி இன்டர்நேஷனல் ஒன்றை வாங்கினேன். பாயின்ட் 22 இலக்குத் துப்பாக்கி. நமக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள், பர்மிங்ஹாமில் அது துப்பாக்கித் தொழிற்சாலையாகப் பிறந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னமே. வாங்கிய துப்பாக்கியில் குறி பிசகவில்லை. ஆனால் சுட்டபின் லீவரைக் கீழே இழுத்தால் உறை பாதி வழியில் நின்றுவிடும், அல்லது அசையவே அசையாது. கிளப்பில் கேட்டவரெல்லாம் அப்பா சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னார்கள்: மார்ட்டினி அப்படித்தான், சூடானிலேயே அப்படித்தான்.

எனக்கு அது உறுத்தியது. 1950-களிலும் 60-களிலும் போட்டிக்காரர்கள் விரும்பி வாங்கிய துப்பாக்கி இது. பிறவிக் கோளாறு உள்ள ஒன்றை அவர்கள் ஏன் வாங்க வேண்டும்?

அதனால் சூடானிலிருந்தே தொடங்கினேன். மார்ட்டினிக்கு மூலம், அமெரிக்கர் ஹென்றி பீபாடி 1862-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. பின்பக்கம் கீல் வைத்த ஒரு இரும்புக் கட்டை. லீவரை இழுத்தால் அதன் முன்பக்கம் இறங்கும். சுவிட்சர்லாந்தில் இயங்கிய ஃபிரெட்ரிக் மார்ட்டினி, வெளியே இருந்த சுத்தியலை எடுத்துவிட்டு, சுருள்வில்லால் இயங்கித் தோட்டாவை அடிக்கும் பின்னைக் கட்டைக்குள் வைத்தார். எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி வடிவமைத்த குழலும் சேர்ந்து, 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. கட்டை இறங்கும்போது எக்ஸ்ட்ராக்டரின் காலில் தட்டும். அதன் கவை போன்ற மேல்முனை உறையின் விளிம்பைப் பின்னால் இழுக்கும். அவ்வளவுதான் இயக்கம். இன்றும் என் துப்பாக்கியில் இருப்பது அதே முறைதான்.

அப்படியானால் அபு க்ளியாவில் சிக்கியது எது? அன்றைய தோட்டாவின் உறை மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது; அடியில் ஒரு இரும்பு வட்டு. சூட்டில் தகடு சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் இழுத்தால் வட்டு மட்டும் பிய்ந்து வரும், தகடு உள்ளேயே நிற்கும். பிறகு ஒரே துண்டாக இழுத்து உருவாக்கிய பித்தளை உறை வந்தது. நான்காம் மாடலில் நெம்புவிசைக்காக லீவரையும் நீளமாக்கினார்கள். பாயின்ட் 22 உறையோ முதலிலிருந்தே ஒரே துண்டு. பிய்வதற்கு அதில் ஒட்டும் இல்லை, வட்டும் இல்லை. என் சேம்பரில் மணலும் இல்லை. சூடான் வழி அங்கேயே அடைபட்டது.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “அப்பா, உங்க கேடட்டுங்க சுட்டது லீ-என்ஃபீல்டு போல்ட் துப்பாக்கியைப் பாயின்ட் 22-ஆ மாத்தினதுதானே? அதுல சிக்குச்சா?” “சிக்காம? கிளீனிங் ராடை முன்னாடி வழியா விட்டுத் தள்ளுவோம்” என்றார். “அது மார்ட்டினி இல்லையே?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அது வேறடா” என்றவர், எப்படி வேறு என்று சொல்லவில்லை.

கிளப்பில் யாரோ ஒரு பெரியவரின் முகவரி கொடுத்தார்கள். பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலில் டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியோடு போய் நின்றேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூடானைத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். “காலி உறையைக் கொண்டு வாங்க.” கொண்டுபோனேன், ஒரு பை நிறைய. அதையும் அப்படியே திருப்பித் தந்தார். கலந்து கிடக்கிற உறை எதையும் சொல்லாதாம். சுட்ட வரிசையில் எண் போட்டு, சேம்பரில் மேலே இருந்த பக்கத்தை மையால் குறித்துக் கொண்டுவர வேண்டும். கூடவே, ரேஞ்சில் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, உள்ளே விட்டுச் சுடாமல் எடுத்த தோட்டாவும் வேண்டும் என்றார். மை அழிந்திருந்ததால் மறுபடியும் திருப்பி அனுப்பினார். அந்தப் பிடிவாதத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஊகத்துக்கு அவர் அணுவளவும் இடம் தரவில்லை.

கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். முதலில் விளிம்பு. எக்ஸ்ட்ராக்டர் ஆழமாகக் கடித்த தடம் பளிச்சென்று இருந்தது. நழுவியிருந்தால் தடம் மங்கலாகத்தான் இருக்கும். எனவே எக்ஸ்ட்ராக்டர் சரியாகத்தான் பிடிக்கிறது. புது எக்ஸ்ட்ராக்டர் வாங்கு என்று கிளப்பில் சொன்ன யோசனை அத்தோடு போயிற்று. பிறகு லென்ஸை என்னிடம் தந்தார். பின் அடித்த பள்ளத்துக்கு நேர் கீழே, உறையின் உடம்பில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் வாய்வரை ஓடியது. எல்லா உறையிலும் அதே இடம். நகத்தை வைத்தால் தட்டியது. சுடாத தோட்டாவிலும் அதே கீறல்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தேட வேண்டிய இடம் சூடான் இல்லை, பாரிஸ். அங்கே 1845 வாக்கில் லூயி ஃப்ளோபேர் ஒரு சிறு குண்டை வெடிமூடியின் வாயில் வைத்து, அதையே தோட்டாவாக்கினார். அந்த வழியில் அமெரிக்காவில் 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாயின்ட் 22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. 1887-இல் லாங் ரைஃபிள் தோட்டா வந்தது. இந்த வம்சத்தில் தீமூட்டும் கலவை இருப்பது விளிம்பின் மடிப்புக்குள். பின் அந்த விளிம்பைச் சேம்பரின் உதட்டோடு வைத்து நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். சேம்பரின் உதடே பட்டறைக்கல்! நடுவில் அடிக்கும் தோட்டாவுக்குப் பட்டறை தோட்டாவுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால், பின் நீண்டிருக்கும் துப்பாக்கியில், அடி நேராக உதட்டில் விழும். உதடு பள்ளமாகி, ஒதுங்கிய எஃகு சேம்பருக்குள் பிசிறாகத் துருத்தும். வெடிக்கும்போது மெல்லிய பித்தளை விரிந்து அதன்மேல் உட்காரும். போல்ட்டோ மார்ட்டினியோ, விளிம்பில் அடிக்கும் எந்தத் துப்பாக்கிக்கும் இது வரலாம்.

பழைய வடிவத்தின் இன்னொரு மிச்சமும் உண்டு. இந்தத் தோட்டாவில் ஈயக் குண்டு உறையின் அதே குறுக்களவு. மெழுகுப் பூச்சு வெளியே. சுடச்சுட மெழுகும் கரியும் சேர்ந்து சேம்பர் முனையில் கெட்டியான வளையமாகப் படியும். பெரியவர் வெண்கலப் பிரஷ்ஷால் அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார். எடுத்தபின் கொஞ்சம் இளகியது, முழுதும் தீரவில்லை.

சேம்பரைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாமே என்று கேட்டேன். கோபப்பட்டார். போட்டித் துப்பாக்கியின் சேம்பர் இறுக்கமாக இருப்பதே குண்டின் மூக்கு குழலின் வரிகளைத் தொட்டு நேராக நிற்பதற்காக. அதை அகட்டினால் குறி போய்விடும்.

அவர் செய்தது வேறு. கடினப்படுத்தி மெருகேற்றிய, நுனி ஒடுங்கிய ஒரு எஃகுக் கம்பியைச் சேம்பரில் விட்டு, பிசிறு இருந்த இடத்தில் அழுத்தி மெல்லத் திருப்பினார். எஃகைச் செதுக்கவில்லை, ஒதுங்கியதை வந்த இடத்துக்கே தள்ளினார். இடையிடையே ஒரு உறையை விட்டு எடுத்து, கீறலைப் பார்த்தார். பிறகு பின்னின் நீட்டத்தை அளந்தார். விளிம்பின் தடிமன் சுமார் 1 மி.மீ.தான், பின் அதையும் தாண்டி நீண்டிருந்தது. எண்ணெய்க்கல்லில் நுனியைக் குறைத்து, அதன் வடிவத்தைத் திரும்பச் சீராக்கினார். இதைச் செய்யாமல் விட்டால் பிசிறு மறுபடி முளைக்கும் என்றார்.

இப்போது லீவரை இறக்கினால் உறை தானாகப் பின்னால் நகர்ந்து வருகிறது. விரல் நுனியால் எடுத்துவிடலாம். சுடாமல் விசையை அழுத்திப் பழகும் நாட்களில் சுட்ட உறை ஒன்றை உள்ளே வைத்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதைக் கொஞ்சம் சுழற்றிக்கொள்கிறேன். விளிம்பில் அடிபடாத இடம் தீர்ந்துபோனால் வேறு உறை.