விலக்குப் பட்டியல்

ஒரே மாதிரியான யூனிக்ஸ் சர்வர்கள் பல கையில் இருக்கும்போது, பேக்கப்புக்கு எவற்றை எடுப்பது என்று பட்டியல் போடவே முதலில் மனம் போகும். /எட்சி, /ஹோம், /ஆப்ட், டேட்டாபேஸ் டம்ப் என்று சில வரிகளில் முடிந்துவிடும். நான் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்பவன். ரூட்டிலிருந்து எல்லாமே பேக்கப்புக்குப் போகும். வேண்டாதவற்றை மட்டும் பெயர் சொல்லி விலக்குவேன்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். தவறு என்றைக்கு வெளியே தெரிகிறது என்பதில்தான் வேறுபாடு. சேர்க்கும் பட்டியலில் ஒரு டைரக்டரி விடுபட்டால், பேக்கப் வெற்றி என்றே தினமும் அறிக்கை வரும். டிஸ்க் போன அன்று ரீஸ்டோர் செய்யும்போதுதான் அது இல்லை என்று தெரியும். விலக்கும் பட்டியலில் ஒன்று விடுபட்டால் பேக்கப் பெருகும், இரவு வேலை விடியும்வரை இழுக்கும், மறுநாளே யாராவது கேட்பார்கள். சர்வர்கள் மாறிக்கொண்டே இருப்பவை. யாரோ ஒருவர் /சர்வ் அடியில் புதிய செயலியை நிறுவுவார். பேக்கப் பார்ப்பவரிடம் சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் எடுக்கும் முறையில் அவர் சொல்லாவிட்டாலும் அது உள்ளே வந்துவிடும். நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கில் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நிற்கச் சொல்லும் தேர்வை நான் தவிர்ப்பதும் இதனால்தான். /ப்ராக், /சிஸ் போன்றவற்றை ஒதுக்க அது வசதியானது. ஆனால் நாளை புதிதாக இணைக்கும் டிஸ்க்கையும் அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

‘ஒரே மாதிரி’ என்பதையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பயனர்களின் கிரான்டேப் டெபியனில் /வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டேப்ஸ் அடியில் இருக்கும், ரெட்ஹேட்டில் /வார்/ஸ்பூல்/கிரான் அடியிலேயே, ஃப்ரீபிஎஸ்டியில் /வார்/கிரான்/டேப்ஸ். /எட்சியை எடுத்துவிட்டோம், கிரானும் வந்துவிட்டது என்று நினைப்பவர் மூன்றிலும் அதை இழப்பார். ஃப்ரீபிஎஸ்டியில் நாம் சேர்த்த மென்பொருட்களின் அமைப்புகள் /யூசர்/லோக்கல்/எட்சியில் இருக்கின்றன. லினக்ஸ் பழக்கத்தில் எழுதிய பட்டியல் அதைத் தொடவே தொடாது. ஃப்ரீபிஎஸ்டியின் 14-ஆம் வெளியீட்டுக்கு முந்தைய சர்வர்களில் /ஹோம் என்பது பெரும்பாலும் /யூசர்/ஹோமைக் காட்டும் ஒரு லிங்க் மட்டுமே. டார் கட்டளைக்கு /ஹோம் என்று கொடுத்தால் லிங்க்கை மட்டும் எடுத்து வைக்கும், பிழை எதுவும் சொல்லாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இது இன்னும் நுட்பமாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். அதனால் டம்ப் எடுத்துக்கொண்டு மூல டைரக்டரியை விலக்குவது வழக்கம். டெபியனில் அமைப்பு ஃபைல்கள் /எட்சி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அடியில் தனியே இருப்பதால் தப்பித்துவிடுகின்றன. ரெட்ஹேட்டிலோ, எந்த முகவரியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் ஃபைலும் டேட்டா டைரக்டரிக்குள்ளேயே கிடக்கும். அதே விலக்கு வரியை அங்கே போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிஜிடம்ப் ஒரு டேட்டாபேஸைத்தான் எடுக்கும். பயனர்களையும் கடவுச்சொற்களையும் எடுக்க பிஜிடம்ப்ஆல் வேண்டும்.

விலக்கலாம் என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடியவை சிலவே. /ப்ராக், /சிஸ், /ரன் மூன்றும் அந்த நேரத்தில் ஓடும் சிஸ்டத்துக்கு மட்டும் உரியவை. /ப்ராக்/கேகோர் என்ற ஃபைல் 64-பிட் பிசியில் பொதுவாக 128 டெராபைட் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். /வார்/கேஷ் அப்படி எளிதில்லை. 1994-இல் லினக்ஸுக்காக முதலில் வெளியான டைரக்டரி தரவரையறையின் இன்றைய வடிவம், அதில் உள்ளவை அழிந்தாலும் தகவல் இழப்பு கூடாது என்கிறது. ஆனால் டெபியனில் பைண்ட் டிஎன்எஸ் சர்வரின் வேலை டைரக்டரியே /வார்/கேஷ்/பைண்ட்தான். முழுப் பாதை தராமல் வெறும் பெயரோடு ஜோன் ஃபைலை அறிவித்தால், அது அங்கேதான் தேடப்படும். அப்படி அறிவித்த ஒருவருடைய மூல ஜோன்கள் கேஷுக்குள் இருக்கும்.

/யூசரை விலக்கலாமா? பேக்கேஜ் பட்டியல் இருந்தால் மீண்டும் நிறுவிவிடலாம்தான், /யூசர்/லோக்கல் நீங்கலாக. ஆனால் ரெஸ்டிக் போன்ற கருவி பல சர்வர்களை ஒரே கிடங்கில் எழுதும்போது ஒத்த துண்டுகளை ஒரு முறைதான் வைக்கிறது. சர்வர்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு /யூசரை விலக்குவதால் மிச்சமாகும் இடம் குறைவு. நான் விலக்குவதில்லை.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மேலே, இது போனால் எப்படித் திரும்ப வரும் என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன். ‘பூட் ஆகும்போது கெர்னல் உருவாக்கும்.’ ‘இரவு 2 மணி டம்ப்பிலிருந்து வரும்.’ எல்லா சர்வருக்கும் பொதுவான ஃபைல் ஒன்று, அந்தந்த சர்வருக்கு மட்டுமான சிறு ஃபைல் ஒன்று. சிறு ஃபைல் நீளத் தொடங்கினால் அந்த சர்வர் மற்றவற்றிலிருந்து விலகுகிறது என்று பொருள்.

இந்தப் பட்டியலை ஒரு வெற்று மெய்நிகர் கணினியில் ரீஸ்டோர் செய்துதான் சரிபார்க்க வேண்டும். அங்கே அடிக்கடி அகப்படுவது காலி டைரக்டரிகளின் இன்மை. /ப்ராக் என்று விலக்கினால் அந்த டைரக்டரியே வராது. மவுன்ட் செய்ய இடமிருக்காது. /ப்ராக்/* என்று எழுதினால் உள்ளே இருப்பவை போய் கூடு மட்டும் தங்கும். /டெம்ப்பும் அப்படியே, அதன் 1777 அனுமதியோடு அது திரும்ப வர வேண்டும். /வார்/லாக்/* என்று எழுதினாலோ அப்பாச்சியின் லாக் டைரக்டரியும் சேர்ந்து போய்விடும், லாக் ஃபைலைத் திறக்க முடியாமல் அப்பாச்சி எழ மறுக்கும். அங்கே ஒரு படி கீழே இறங்கி, /வார்/லாக்/அப்பாச்சி2/* என்று தனி வரியாக எழுத வேண்டும்.