சாம்பல் நிறம்

மாத்தளையில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக, 1950ஆம் ஆண்டின் பெர்குசன் உழவு இயந்திரத்தை மாணவரோடு சேர்ந்து மரத்தில் சிறிதாகச் செதுக்கினோம். அழகு கருதிச் செந்நிறம் பூசினோம்; செந்நிறத்தின்மீது நமக்கொரு பற்றும் உண்டு. சாரதிக்குக் கூரையும் அமைத்தோம்.

தம்புள்ளை வயல்களில் உழுத முதியவர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். “தம்பிமாரே, அது சாம்பல் நிறமல்லவா?”

உண்மைதான். 1946 முதல் 1956 வரை கொவென்றி நகரில் உருவான டீ.ஈ. 20 சாம்பல் நிறத்ததே. சிவப்பு 1957இல் மாசி பெர்குசனோடு வந்தது. கலப்பையைச் சங்கிலியால் கட்டியதும் பிழை. மூன்று புள்ளிகளில் பிணைத்து, நீரழுத்தத்தால் உயர்த்துவதன்றோ அதன் பெருமை!

“கூரை ஏது? வெய்யிலும் மழையும் எங்கள் தலையில்தான்.”

கூரையைப் பெயர்த்தபின்னரே இருக்கை வெறுமையாயிருப்பது கண்ணில் பட்டது. களிமண்ணில் ஒரு சாரதியைப் பிடித்து அமர்த்தினோம். தலைத்துண்டின் நிறத்தை அவரிடமே கேட்டோம்.