இட்லியா, ஆப்பமா?



நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேத்தி யூடியூபில் 'தி டெய்லி ஷோ' என்ற அமெரிக்க நிகழ்ச்சியைப் போட்டுக் கொடுத்தாள். அன்றாடச் செய்திகளை வைத்து அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கும் இரவு 11 மணி நிகழ்ச்சி. 1999 முதல் 2015 ஆகஸ்ட் வரை ஜான் ஸ்டூவர்ட் நடத்தினார். ஜனங்களுக்கு அவர்மேல் உயிர்.

அவர் போனதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் ட்ரெவர் நோவா. தென்னாப்பிரிக்காக்காரர், வயது 31. பெயரை அறிவித்ததுமே அவருடைய பழைய ட்விட்டர் பதிவுகளைத் தோண்டியெடுத்துத் திட்டினார்கள். 2015 செப்டம்பர் 28, முதல் நாள். வீட்டுக்குப் புதிதாக வந்த மாற்றாந்தகப்பன் மாதிரி என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டார். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

1988 ஜூன். 10 'பி' பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு ஒன்பதாவதில் கணக்கு எடுத்த பெரிய சார் ஓய்வு பெற்று, நான் வந்தேன். அவர் கரும்பலகையில் வெறுங்கையால் வட்டம் போட்டு, "இது இட்லியா, ஆப்பமா?" என்பாராம். வகுப்பே உருளுமாம். நானும் மரக் கவராயத்தால் வட்டம் போட்டுவிட்டு அதையே கேட்டேன். ஒரு சத்தம் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், அதைப் பெரிய சார் கேக்கணும் சார்" என்றான். அப்போது சிரித்தீர்கள் பாருங்கள்! அவனைப் பீரியட் முழுக்க வெளியே நிறுத்தினேன்.

நோவா கெட்டிக்காரர். ஸ்டூவர்ட் மாதிரி செய்து பார்க்கவில்லை. முதல் வாரத்திலேயே, டிரம்ப்பின் பேச்சு ஆப்பிரிக்க சர்வாதிகாரிகளின் பேச்சு போலவே இருக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டினார். அந்த ஊரிலிருந்து வந்தவனுக்குத்தானே அது தோன்றும்! ஆரம்பத்தில் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். இருந்தும் 2022 டிசம்பர் வரை, 7 வருடம் நின்றார். எனக்கு அந்தப் புத்தி வரவே அரையாண்டுப் பரீட்சை ஆகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் சில்லறை தராத கணக்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன்.

2015 டிசம்பரிலேயே ஸ்டூவர்ட் அங்கே விருந்தாளியாக வந்தார். செப்டம்பர் 11 தாக்குதலில் மீட்புப் பணி செய்து நோயில் விழுந்தவர்களின் மருத்துவ உதவிச் சட்டத்துக்காகப் பேச வந்தார். நோவா முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தார். பெரிய சார் நம் ஆண்டு விழாவுக்கு வந்தபோது நீங்களெல்லாம் ஓடிப்போய் அவரைச் சூழ்ந்துகொண்டீர்கள். நான் பேப்பர் திருத்துகிறேன் என்று ஸ்டாஃப் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். திருத்தப் பேப்பரே இல்லை.

அவரே தேடிக்கொண்டு வந்தார். "வட்டம் எப்படிப் போடறீங்க?"

"கவராயத்துலதான் சார்."

"நல்லது. நான் 30 வருஷமா போட்டதுல ஒண்ணுகூட வட்டம் இல்லை. அதை மறைக்கத்தான் இட்லி, ஆப்பம் எல்லாம்."

கடைசி பெஞ்சுத் தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு உன்னை வெளியே நிறுத்தியது வாய் பேசியதற்காக இல்லை. நீ சொன்னது உண்மை என்பதற்காக. 63 பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பை இங்கே கேட்கிறேன்.