மேடேவுக்குப் பரிந்து

காமிக்ஸ் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பட்டியலில்தான் வந்து நிற்கும். உனக்குப் பிடித்த பத்தைச் சொல் என்பார்கள். வாட்ச்மென் என்று தொடங்குவேன், தலையாட்டுவார்கள். ஃபிராங்க் மில்லர் எழுதிய டேர்டெவில் என்பேன், அதற்கும் ஆட்சேபணை இருக்காது. மூன்றாவதாக ஸ்பைடர்-கேர்ள் என்றதும் ஒரு சிரிப்பு வரும். கல்யாணப் பந்தியில் பாயசத்தை விட்டுவிட்டு அப்பளம் இன்னொன்று கேட்கிற மனிதரைப் பார்க்கிற சிரிப்பு. "அது சின்னப் பசங்க புக்காச்சேப்பா" என்பார் நண்பர் ஒருவர். அவர் வீட்டுப் பரணில் மார்வெல் இதழ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஸ்பைடர்-கேர்ள் ஒன்றுகூடக் கிடையாது.

அவரிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். வாதம் சூடாகும்போது சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போகிறது. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்பைடர்-கேர்ள் எங்கிருந்து வந்தாள் என்று சொல்ல வேண்டும். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் மேரி ஜேனும் 1987-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் மேரி ஜேன் கர்ப்பமானாள். மார்வெல் அலுவலகத்தில் பலருக்கு இது தலைவலி. பிள்ளைகுட்டிக்காரனான ஸ்பைடர்மேன் கிழவனாகிவிடுவானே என்ற பயம். 1996-இல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 418-ஆம் இதழில் பிரசவம் நடக்கிறது. குழந்தை இறந்தே பிறந்ததா, பீட்டரின் பரம எதிரி நார்மன் ஆஸ்போர்னின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று தெளிவாகச் சொல்லாமலே கதையை நகர்த்திவிட்டார்கள். வாசகர்கள் காத்திருந்தார்கள். 1998-இல், மே உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு குறிப்பு கதைக்குள் வந்தது. மே என்பது அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பார்த்தால் உயிரோடு வந்தது பீட்டரை வளர்த்த மே அத்தை! இறந்துபோய் அடக்கமும் ஆகியிருந்த கிழவியைத் திருப்பித் தந்துவிட்டுக் குழந்தையைச் சத்தமில்லாமல் கைகழுவிவிட்டார்கள். மர்மக்கதை எழுதிப் பழகியவர்கள்கூட வாசகனுக்கு இப்படி ஒரு துரோகம் செய்யமாட்டார்கள்.

அதே ஆண்டில்தான் டாம் டிஃபால்கோ அந்தக் குழந்தையைப் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே கொண்டுவந்தார். மார்வெலின் முன்னாள் தலைமை ஆசிரியர், எண்பதுகளில் ஸ்பைடர்மேன் எழுதியவர். நடந்த கதை வேறுமாதிரி நடந்திருந்தால் என்னவாகும் என்று கேட்டு எழுதப்படும் வாட் இஃப் தொடரில், 105-ஆம் இதழில், குழந்தை பெற்றோரிடம் திரும்பி வந்து வளர்ந்திருந்தால் என்ற கேள்வியை வைத்தார். ஒரே இதழோடு முடிய வேண்டிய கதை. விற்பனை நன்றாக இருந்ததால் அந்த ஆண்டு அக்டோபர் தேதியிட்டுத் தனி இதழாகவே ஸ்பைடர்-கேர்ள் தொடங்கியது. கூடவே ஜே2, ஏ-நெக்ஸ்ட் என்று அதே எதிர்கால உலகத்தில் வேறு இதழ்களும் வந்தன. அவை பன்னிரண்டு இதழ்களில் மூடிக்கொண்டன. இவள் மட்டும் நின்றாள்.

கதை இதுதான். மே 'மேடே' பார்க்கர் பள்ளிக்கூடத்துப் பெண், கூடைப்பந்து அணியின் நட்சத்திரம். ஒரு ஆட்டத்தின் நடுவில் எம்பிக் குதிக்கிறாள், மனிதர்கள் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறாள். அரங்கம் கைதட்டுகிறது. விஷயம் என்னவென்று புரிந்த இரண்டு பேர் கைதட்டவில்லை, அவளுடைய அப்பாவும் அம்மாவும். அப்பா பீட்டருக்கு இப்போது ஒரு கால் இல்லை. நார்மன் ஆஸ்போர்னோடு நடந்த கடைசிச் சண்டையில் அது போனது, ஆஸ்போர்னின் உயிரும் போனது. அதற்குப் பிறகு உடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போலீஸ் தடயவியல் பிரிவில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தான் யாராக இருந்தோம் என்பதை மகளிடம் சொன்னதே இல்லை.

நான் இந்தத் தொடருக்கு அடிமையானது இந்த இடத்தில்தான். சூப்பர்ஹீரோக்களில் முக்கால்வாசிப் பேர் அநாதைகள். சூப்பர்மேனுக்குப் பிறந்த கிரகமே இல்லை, பேட்மேனின் அப்பா அம்மா சந்தில் சுடப்பட்டார்கள், பீட்டரே பெரியப்பாவைப் பறிகொடுத்தவன். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஆளில்லாதவனுக்கு ராத்திரியில் கூரை தாண்டுவது பெரிய காரியமில்லை. மேடேவுக்குக் கேட்க ஆள் இருக்கிறது. அதிலும் அந்தக் கேள்வியைக் கேட்கிற மனிதர், அந்தக் கூரைகளையெல்லாம் தானே தாண்டி, விலையாக ஒரு காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் பொய் செல்லாது. படிக்கப் போனேன், தோழி வீட்டில் இருந்தேன் என்ற சால்ஜாப்பெல்லாம் அவர் தன் பள்ளிக்காலத்தில் சொல்லித் தீர்த்தவை.

முதல் கதையின் முடிவில் அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து உடையை எரிக்கிறார்கள். தீ முடிந்தது, கதை முடிந்தது என்று நினைப்போம். அடுத்து வரும் இதழ்கள் முழுக்க, எரித்தது திரும்பவும் எப்படி வந்தது என்பதுதான் கதை. முதலில் கூடாது என்கிறார். பிறகு கோபப்படுகிறார். பிறகு, எப்படியும் போகத்தான் போகிறாள், தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு போகட்டும் என்று பயிற்சி கொடுக்கத் தொடங்குகிறார். இந்த மூன்று நிலைக்கும் நடுவில் பல இதழ்கள் ஓடுகின்றன. ஒரே இரவில் மனம் மாறும் சினிமா அப்பா இல்லை. இன்றைக்குச் சம்மதிப்பார், நாளைக்கு மகள் உதடு கிழிந்து வந்தால் சம்மதம் வாபஸ். மேரி ஜேன் அதற்குமேல். முகமூடிக்காரனோடு வாழ்ந்து பார்த்தவள், ஜன்னலோரம் விழித்திருந்து பழக்கப்பட்டவள். இப்போது அதே ஜன்னல், மகளுக்காக.

கூடைப்பந்தை மேடே என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, யாருக்கும் தெரியாது. இந்தச் சக்தியை வைத்துக்கொண்டு ஆடினால் எதிரணிப் பெண்களுக்கு அது நியாயமில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். நடுக்கூடத்தில் யாராவது ஒரு பிரசங்கம் செய்து அவளைப் பாராட்டினார்களா? இல்லை. அணியில் பெயர் போயிற்று, தோழிகளோடு இருந்த நேரம் போயிற்று, ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் சொல்லப் பதிலும் இல்லை. நெருப்புக்குள் குதித்துக் காப்பாற்றும் காட்சிகள் எந்தக் காமிக்ஸிலும் கிடைக்கும். இது கிடைக்காது.

இனி நார்மி ஆஸ்போர்ன். செத்துப்போன நார்மனின் பேரன். பார்க்கர் குடும்பம்தான் தன் குடும்பத்தை அழித்தது என்று வளர்ந்தவன், தாத்தாவின் பச்சை முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். வழக்கமான மார்வெல் கணக்குப்படி இவன் இருபது முப்பது வருடத்துக்கு எதிரி, அதற்குப் பிறகு இவன் மகன் எதிரி. டிஃபால்கோ அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டார். ஒரு கட்டத்தில் மேடே நார்மியின் பிடியில் இருக்கிறாள். அவனுக்கு வேண்டியது அவளுடைய உயிர்கூட இல்லை, தன் சாவு. இவள் கையால் செத்தால் எல்லாம் தீர்ந்தது என்று தூண்டிக்கொண்டே இருக்கிறான். அவள் கை ஓங்கவில்லை. உன் தாத்தாவும் என் அப்பாவும் போட்ட சண்டையை நாம் ஏன் போட வேண்டும் என்ற கேள்வியை அவன்முன் வைத்துவிட்டு, நட்பாக இரு என்கிறாள். அவன் உடைந்துபோகிறான். பிறகு அவன் நிஜமாகவே நண்பனாகிறான், இன்னொரு முன்னாள் எதிரியான ராப்டரைக் கல்யாணமும் செய்துகொள்கிறான்.

"பெண் என்பதால் அடிக்க வரவில்லை, பேசித் தீர்க்கிறாள்" என்று இதற்கு ஒரு விமர்சனம் உண்டு. அதே நண்பரே சொல்லியிருக்கிறார். அவளுக்கு அடிக்க நன்றாகவே வரும். சுவரில் ஒட்டுவதில் அப்பாவைவிடவும் ஒருபடி மேல். தான் மட்டும் ஒட்டாமல், பிறரையும் சுவரோடு ஒட்டவைக்கவும் உதறித் தள்ளவும் தெரிந்தவள். அடிதடிப் பக்கங்களில் ரான் ஃப்ரென்ஸ் வரைந்த உடம்பின் வளைவைப் பாருங்கள், கூடைப்பந்து ஆடினவளின் இடுப்பும் முழங்காலும் அதில் தெரியும். மெலிந்த, நீளமான, வேகமான பெண். மற்ற இதழ்களில் அந்தக் காலத்து நாயகிகளை எப்படி வரைந்தார்கள் என்று நினைவிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும்.

தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களுக்கு ஸ்பைடர் என்றதும் நினைவுக்கு வருவது வேறு ஆள். கூர்காதும் ஹெலிகாருமாக லயன் காமிக்ஸில் வந்த அந்தப் பிரிட்டிஷ் குற்றச் சக்கரவர்த்திக்கும் மார்வெலுக்கும் சம்பந்தமில்லை. அதே லயன் காமிக்ஸ் 1984-இல் சிவகாசியிலிருந்து முதல் இதழாக வெளியிட்டது 'கத்தி முனையில் மாடஸ்டி', ஒரு பெண்ணின் சாகசம். அதனால் பெண் நாயகியை நம் வாசகன் ஏற்கமாட்டான் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

அமெரிக்காவில் ஏற்றார்களா? ஏற்றவர்கள் விடாப்பிடியாக ஏற்றார்கள். மூடப்போகிறோம் என்று மார்வெல் சொல்வதும், வாசகர்கள் கடிதம் எழுதிக் குவிப்பதும், சரி தொடர்கிறோம் என்று பின்வாங்குவதும் ஒருமுறை இருமுறை நடந்ததல்ல. அதற்குமுன் மார்வெலில் பெண் நாயகிகளை வைத்து வந்த ஸ்பைடர்-வுமன் 50 இதழோடு நின்றது, டேஸ்லர் 42, சென்சேஷனல் ஷீ-ஹல்க் 60. ஸ்பைடர்-கேர்ள் 2006-இல் 100-ஆவது இதழைத் தொட்டது. நிறுத்திவிட்டு, உடனே அமேசிங் ஸ்பைடர்-கேர்ள் என்ற பெயரில் திரும்பத் தொடங்கி, 2009 வரை இன்னும் 30 இதழ் போனது.

அப்படியும் விற்காத புத்தகம் என்றே பெயர். காரணம் கணக்கெடுக்கும் முறையில் இருக்கிறது. அங்கே மாத இதழ்களின் விற்பனை என்பது காமிக்ஸ் கடைக்காரர்கள் இரண்டு மூன்று மாதம் முன்னதாகக் கொடுக்கும் ஆர்டர்தான். விற்காவிட்டால் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. அதனால் கடைக்காரர் தன் கடைக்கு வாடிக்கையாக வரும் ஆளை மனதில் வைத்துத்தான் ஆர்டர் போடுவார். அந்த ஆள் முப்பது நாற்பது வயது ஆண். பன்னிரண்டு வயதுப் பெண் அந்தக் கடைக்குள் நுழைவது அன்றைக்கு அபூர்வம், எனவே அவள் கணக்கிலும் இல்லை. 2004-இல் மார்வெல் இந்தத் தொடரை ஜப்பானிய மங்கா அளவில், சின்னப் புத்தகங்களாகத் தொகுத்துப் பொதுப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பியது. அங்கே நன்றாக ஓடியது. வாசகி எங்கே இருந்தாளோ அங்கே புத்தகம் போனது, விஷயம் அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடேவின் தோழர்கள் பேசும் பேச்சு ஐம்பது வயதுக்காரர் கற்பனை செய்த பதின்வயதுப் பேச்சு. வில்லன்கள் சிலரின் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும், ஒருவன் பெயர் கிரேஸி எய்ட். கட்டங்களில் எழுத்து அதிகம். கதைசொல்லி மேடேவையே முன்னிலையில் கூப்பிட்டு, நீ இப்போது இங்கே நிற்கிறாய், உனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடமே கதை சொல்லும் உத்தி சிலருக்கு எரிச்சல். எனக்கு அது பிடிக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவலையோடு சொல்வதுபோல இருக்கும்.

2007-இல் மைய ஸ்பைடர்மேன் இதழில் ஒன் மோர் டே வந்தது. மே அத்தையின் உயிருக்காக மெஃபிஸ்டோ என்ற பேயோடு பேரம் பேசி, பீட்டர் தன் கல்யாணத்தையே இல்லாமல் ஆக்கிக்கொண்ட கதை. அதில் ஒரு சிவப்புமுடிச் சிறுமி வருகிறாள், இனிப் பிறக்கவே போகாத அவர்களுடைய மகள் என்று. மறுபடியும் அதே அத்தை, அதே குழந்தை, அதே தீர்ப்பு. அந்த மாதங்களில் பீட்டரும் மேரி ஜேனும் நரைத்த முடியோடு, பில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு சேர்ந்து வாழ்ந்தது இந்தச் 'சின்னப் பசங்க' புத்தகத்தில் மட்டும்தான். இங்கே விலை பேசப் பேயெல்லாம் வராது. கார்னேஜ் என்ற ஒட்டுண்ணி மேடேவின் குழந்தைத் தம்பி பெஞ்சியைப் பற்றிக்கொள்கிறது. ஒலியால்தான் அதைக் கொல்ல முடியும். கருவியை இயக்கியது அக்கா. ஒட்டுண்ணி செத்தது, தம்பியின் காதும் பெரும்பாலும் போயிற்று. அதற்குப் பிறகும் அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில் அவனோடு உட்கார வேண்டும். எது பெரியவர்கள் படிக்கிற கதை, எது சின்னவர்கள் படிக்கிற கதை?

என் அக்கா மகள் 2023-இல் அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ் படம் பார்த்துவிட்டு வந்து, "மாமா, பீட்டர் பி. பார்க்கர் தூக்கிட்டு வருவாரே ஒரு பாப்பா, அது யாரு?" என்றாள். குட்டி முகமூடியும் சிவப்பு முடியுமாகச் சுவரில் ஏறும் அந்தக் குழந்தைக்கு மேடே என்று பெயர். முதல் தொகுப்பைக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை, இரண்டாவதைக் கேட்டாள். அப்பா கேரக்டர் ரொம்பப் படுத்துகிறார் என்பது அவளுடைய விமர்சனம். எனக்கோ அவர் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

படிக்க நினைப்பவர்கள் 2018-லிருந்து வந்த கம்ப்ளீட் கலெக்‌ஷன் தொகுதிகளில் தொடங்கலாம். முதல் தொகுதியிலேயே வாட் இஃப் 105 இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் சில இதழ்கள் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். நார்மியின் கதை முடிகிற வரைக்கும் பொறுமையாகப் படித்துவிட்டு, அதற்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால் நண்பர் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள். அவருக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது.