அண்ணன் கேட்ட பிஸ்டல்... பெரியம்மா கேட்ட கேள்வி!

கைத்துப்பாக்கி வாங்குவது எப்படி என்று போனில் தேடிப் பாருங்கள். முதலில் சினிமா சண்டைக் காட்சிகள் வரும். அடுத்து, அமெரிக்காவில் ஏதோ ஒரு கடையில் நின்றபடி ஒருவர் இரண்டு பிஸ்டல்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எது பெஸ்ட்?’ என்று ஒப்பிடும் வீடியோக்கள் வரும். மொபைல் வாங்குவதற்கு முன் பார்க்கிற ரிவ்யூ மாதிரியே இருக்கும். எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு, விலை இவ்வளவு. பார்த்து முடிக்கும்போது, ‘நாமும் ஒன்று வாங்கினால் என்ன?’ என்று தோன்றிவிடும்.

என் அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர்தான் எங்கள் சொந்த ஊர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் வியாபாரம் செய்கிறார். கேரளாவுக்கு லோடு ஏற்றிவிட்டு, வசூல் பணத்தோடு ராத்திரி பைக்கில் தனியாக வீடு திரும்புவது அவர் வழக்கம். ஒருநாள் வயல்காட்டு ரோட்டில் இரண்டு பேர் வண்டியில் ரொம்ப தூரம் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஊர் எல்லை டீக்கடையில் ஆட்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அடுத்த வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வீடியோக்கள் வந்தன. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். “ஏ பிள்ள, இந்த ரெண்டுல எது நல்லதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. நீ பத்திரிகையிலதான இருக்க?”

வீடியோவில் இருந்த இரண்டு

ஒன்று, க்ளாக் 19. ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் க்ளாக் ஆரம்பித்த கம்பெனி. துப்பாக்கிக்கு வருவதற்கு முன் அவர் திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்தவர். 1982-ல் அந்த நாட்டு ராணுவம் அவருடைய முதல் பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அதன் சிறிய வடிவம்தான் 1988-ல் வந்த 19. சுமார் 600 கிராம் எடை, 15 தோட்டாக்கள். இன்னொன்று, 2018-ல் வந்த சிக் சாவர் பி365. அதைவிடச் சின்னது, சுமார் அரைக்கிலோ. அந்தச் சின்ன உடம்பிலேயே 10 தோட்டாக்கள்.

இரண்டுமே ‘ஸ்ட்ரைக்கர்’ வகை. பழைய துப்பாக்கிகளின் பின்பக்கம் சின்னச் சுத்தியல் போல ஒன்று துருத்திக்கொண்டு இருக்கும். விசையை இழுத்தால் அது பாய்ந்து ஊசியைத் தட்டும், ஊசி தோட்டாவைத் தட்டும். ஸ்ட்ரைக்கர் வகையில் வெளியே சுத்தியல் கிடையாது. ஸ்பிரிங்கின் பலத்தோடு உள்ளேயே காத்திருக்கும் ஊசி, விசையை இழுத்ததும் நேராகப் பாயும். இடுப்பிலிருந்து எடுக்கும்போது சட்டையில் மாட்டாது. முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் விரல் கொடுக்கும் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கும். போலீஸும் கமாண்டோக்களும் விரும்புவது இதனால்தான். நம் தேசிய பாதுகாப்புப் படையிடமும் க்ளாக் இருக்கிறது.

ஆனால், பயிற்சி உள்ளவருக்கு வசதியான அதே விஷயம் வீட்டுக்குள் வரும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சுத்தியல் வெளியே இருந்தால், அது பின்னால் இழுபட்டு நிற்கிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இதில் அந்த அடையாளம் இல்லை. பெரும்பாலான க்ளாக்குகளில், கட்டை விரலால் தள்ளிவிடும் தனிப் பாதுகாப்புப் பூட்டும் கிடையாது. பாதுகாப்பு விசையிலேயே இருக்கிறது. விசை இழுபட்டால் எல்லாமே விலகிவிடும். தோட்டாப் பெட்டியான மேகஸினைக் கழற்றிவிட்டாலும் குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். சுத்தம் செய்வதற்கு க்ளாக்கைப் பிரிக்க வேண்டும் என்றால், முதலில் விசையை ஒருமுறை இழுக்க வேண்டும். குழலுக்குள் பார்க்காமல் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்கு நம் நாட்டில் பதில் ரொம்பச் சுலபம். இரண்டுமே கிடைக்காது!

இரண்டும் 9 எம்.எம். தோட்டா போடுபவை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் அந்த அளவு, இந்தியாவில் சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்வதற்கும் 1980-களிலிருந்தே தடை இருக்கிறது. துப்பாக்கிச் சுடும் போட்டி வீரர்களுக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு.

லைசென்ஸ் கிடைத்தால் சாதாரணமாக வாங்கக்கூடியது .32 ரகம்தான். மேற்கு வங்கம் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் ‘அஷானி’ பிஸ்டல், கான்பூரின் .32 ரிவால்வர்கள் என்று பட்டியல் சின்னது. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்காக என்று சொல்லி 2014-ல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் இந்த ரகம்தான். அரைக்கிலோ எடை. அப்போதே விலை 1.22 லட்சம் ரூபாய். 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்று இன்னொன்று வந்தது.

இந்த விவரங்களை அனுப்பியதும் அண்ணன் உடனே போன் செய்தார். “அப்ப அஷானியே பாப்போம். லைசென்ஸுக்கு என்ன செய்யணும்?”

லைசென்ஸுக்குக் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016 ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்று உறுதிமொழியும் எழுதிக்கொடுக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதே திருத்தம், கல்யாணத்திலோ ஊர்வலத்திலோ கொண்டாட்டத்துக்காகக் கவனமில்லாமல் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

கலெக்டர் கையெழுத்து

கலெக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சிரித்தார். “நம்ம பக்கத்துல பிஸ்டலுக்கும் கலெக்டருக்கும் பழைய கணக்கு உண்டுல்லா?” என்றார்.

எங்கள் மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். அடுத்த சில நிமிடங்களில் அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கொண்டார். இன்று அந்த நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி.

தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்ட்ரைக்கர் என்பது க்ளாக் கண்டுபிடித்த புதுமை இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1900-ல் விற்ற பிஸ்டலே அந்த வகைதான். அதற்காக வந்த .32 தோட்டாதான் இன்று நம் அஷானியிலும் போடப்படுகிறது. நம் அண்ணன்மார் யூடியூபில் பார்த்து அதிசயப்படும் விஷயத்துக்கு வயது 120-க்கு மேல்.

அந்தக் காலத்தில் இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்க முடியாது. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் அது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பாரபட்சத்தைக் காங்கிரஸ் பல வருடங்கள் எதிர்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 ஆயுதச் சட்டத்தில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது அது.

அதே சட்டத்தின் 13-வது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ நீளக்குழல் துப்பாக்கி கேட்டால் ஒரு அளவுகோல், பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி கேட்டாலும் அதே அளவுகோல். பிஸ்டல், ரிவால்வர் கேட்டால், கேட்பவருக்குத் ‘தகுந்த காரணம்’ இருக்கிறது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். மறைத்து எடுத்துப் போகக்கூடிய ஆயுதம் என்பதால் கூடுதல் கேள்வி என்று நான் புரிந்துகொண்டேன். விண்ணப்பத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்களுக்கு ஏன் இது தேவை?

“எங்கன வைப்ப?”

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது, விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் பேனாவோடு உட்கார்ந்தார். பெயர், முகவரி எல்லாம் வேகமாக நிரம்பின. கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“எல்லாம் சரிய்யா. வாங்கிட்டு வந்து அத எங்கன வைப்ப?”

“தலமாட்டுலதான். அப்பத்தான அவசரத்துக்கு உதவும்?”

“அப்ப பிள்ளைய எங்கன படுக்கும்?”

அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் எதுவும் சின்னவன் கையிலிருந்து தப்பியது இல்லை. அண்ணன் யோசித்துவிட்டு, “சரி, பீரோவுல வச்சுப் பூட்டிருவேன்” என்றார்.

“அப்ப வாறவன் நீ பீரோவத் திறக்குற வரைக்கும் நிப்பானா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லா வீடுகளும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் எட்டும். பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எட்டாது. அமெரிக்காவில் ஆர்தர் கெல்லர்மன் குழு 1993-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி இருக்கும் வீடுகளில் கொலை நடக்கும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு என்று வந்தது. சுட்டவர்கள் அநேகமாக வெளித் திருடர்கள் இல்லை, குடும்பத்தினரும் நெருங்கிப் பழகியவர்களும்தான். அந்த ஆய்வின் மீது இன்றும் விவாதம் உண்டு. ஆனாலும், கோபமும் குடியும் மனச்சோர்வும் எட்டிப் பார்க்காத வீடு எது?

பெரியப்பா தன் பங்குக்குப் பேசினார். தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் லைசென்ஸோடு இருக்கிறது. “நாப்பது வருசமா வச்சிருக்கேன். பன்னிய விரட்ட வானத்தப் பாத்து ரெண்டு தடவ வெடிச்சிருப்பேன். மத்தபடி ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் துணியில சுத்தி ஸ்டேஷன்ல கொண்டு குடுக்குதேன், ரசீது வாங்குதேன், திரும்பப் போய் எடுத்துட்டு வாறேன். அதான் அதோட நான் பட்ட பாடு” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, “பைக்குல வரும்போது ரெண்டு கையும் ஹேண்டில் பார்ல இருக்கும். எந்தக் கையால எடுப்ப?” என்று கேட்டார்.

அண்ணன் பேனாவை மூடவில்லை. ‘ஏன் தேவை’ என்ற கட்டத்துக்கு வந்து, ‘தினமும் இரவு ரொக்கப் பணத்துடன் தனியாக வருவதால்’ என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தார். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. இரவு, ரொக்கம், தனியாக.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார். “இதுல எத மாத்த முடியாது?”

பெரிய வியாபாரிகளிடம் பணத்தை பேங்க் கணக்கில் போடச் சொல்லிவிட்டார் அண்ணன். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சில்லறை வசூலை மத்தியானமே பேங்கில் கட்டிவிடுகிறார். ராத்திரி நேரமானால், அதே ரோட்டில் வரும் இன்னொரு வியாபாரியோடு சேர்ந்து வருகிறார். வண்டி பின்தொடர்ந்தது பற்றி ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்துவிட்டார். இதற்கெல்லாம் ஆன செலவு, அஷானியின் ஒரு டப்பா தோட்டா விலைகூட இருக்காது.

பிஸ்டல் விண்ணப்பம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு விண்ணப்பம் தயாராகிறது. லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம் என்கின்றன 2016 விதிகள். பெரியப்பாவுக்கு 72. துப்பாக்கியை அண்ணன் பெயருக்கு மாற்றுவதா, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடம் விற்றுவிடுவதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பெரியம்மாவின் ஓட்டு விற்பதற்கு!

பயம் உண்மையாக இருக்கும்போது, ‘துப்பாக்கி வேண்டாம்’ என்று யாருக்கும் லேசாக உபதேசம் செய்துவிட முடியாது. நிஜமான மிரட்டலோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி யோசித்தால், எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்பு அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது வீட்டில் உள்ள எல்லோரும் பக்கத்தில் இருக்கட்டும். குறிப்பாக, கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர்கள்.